அச்சிட்ட கான்கிரீட், கழற்றி மாட்டும் கட்டிடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கான்கிரீட்டை அச்சிட்டுக் கட்டுவதைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு வேகத்தில்தான் போய் நிற்கிறது. எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்று கேட்கிறார்கள். கட்டியதை ஒரு நாள் பிரிக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். அதனால் இந்தப் பக்கத்தில் அச்சையும் கழற்றலையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

கான்கிரீட்டை அச்சிடுவது என்றால் என்ன நடக்கிறது?

பெரிய பற்பசைக் குழாய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸரில் கலந்த கலவையை பம்ப் தள்ள, அது தடித்த ஹோஸ் வழியாக ஏறி முனைக்கு வருகிறது. முனையை நகர்த்துவது ஒரு எந்திரம். சில இடங்களில் அது தண்டவாளத்தின் மேல் போய்வரும் பெரிய சட்டம். சில இடங்களில் கார் தொழிற்சாலையில் பார்ப்பது போன்ற ரோபோ கை. கணினியில் வரைந்த சுவரை மென்பொருள் படுக்கைவாட்டில் சீவிச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் முனை போக வேண்டிய பாதையை எழுதித் தருகிறது. அந்தப் பாதையில் முனை கலவையைப் பிதுக்கிக்கொண்டே போகிறது. ஒரு அடுக்கு பொதுவாக 1 முதல் 2 செ.மீ. உயரம். ஆக 3 மீட்டர் சுவருக்கு 150 முதல் 300 அடுக்குகள். பலகை அடைத்து ஊற்றும் வேலையே கிடையாது.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேரோக் கோஷ்னேவிஸ் 1990களிலேயே ‘கான்டூர் கிராஃப்டிங்’ என்ற பெயரில் இதைத் தொடங்கிவிட்டார். வீடு, பாலம் என்று வெளியே வர இருபது வருடத்துக்கும் மேல் ஆனதற்கு எந்திரத்தைவிடக் கலவைதான் காரணம்.

கலவையில் அப்படி என்ன சிக்கல்?

அதனிடம் நாம் கேட்பதே ஒன்றுக்கொன்று முரண். ஹோஸுக்குள் இருக்கும்வரை வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். முனையை விட்டு வெளியே வந்த நொடியில் அசையாமல் நிற்க வேண்டும். அடுத்த சுற்றில் மேலே விழும் அடுக்கின் எடையைத் தாங்க வேண்டும்; அதேசமயம் அந்த அடுக்கு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு ஈரமும் மிஞ்சியிருக்க வேண்டும். நல்ல பெயின்ட் இப்படித்தான் நடந்துகொள்ளும். பிரஷ் இழுக்கும்போது ஓடும், சுவரில் பட்டதும் வழியாமல் நிற்கும். கலவையிலும் அந்தக் குணத்தை நம்பித்தான் வேலை நடக்கிறது. போதாதபோது, முனைக்குச் சற்று முன்னால் சீக்கிரம் இறுகவைக்கும் ரசாயனம் கலக்கிறார்கள்.

இதைச் சோதிக்க ஒரு அழகான எளிய வழி இருக்கிறது. முனையை உயரத்தில் நிறுத்திக் கலவையைச் சும்மா கீழே விடுவார்கள். அது கயிறு மாதிரி தொங்கி, தன் எடை தாங்காமல் துண்டு துண்டாக அறுந்து கீழே வாளியில் விழும். துண்டுகளை எடை போட்டால் போதும். கலவை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பெரிய துண்டு. அச்சு ஓடும்போதே இன்றைய கலவை நேற்றைய மாதிரி இருக்கிறதா என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம்.

இன்னொன்று: இதில் பெரிய ஜல்லி இருக்காது. முனை அடைத்துக்கொள்ளும். கறாராகப் பார்த்தால் இது கான்கிரீட்டே இல்லை, சாந்து. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

‘ஒரே நாளில் வீடு’ என்கிறார்களே, நிஜமா?

சுவருக்கு வேண்டுமானால் நிஜம். முனை ஓடிய மணி நேரத்தை மட்டும் கூட்டினால் சின்ன வீட்டின் சுவர்கள் ஒன்றிரண்டு நாளில் எழும்பிவிடும். அஸ்திவாரம், கூரை, கதவு ஜன்னல், குழாய், மின்கம்பி, தரை, பூச்சு எல்லாம் அந்தக் கணக்கில் வராது. பெங்களூரு கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் 2023இல் திறந்த அச்சிட்ட தபால் நிலையம் 1,021 சதுர அடி. 43 நாளில் முடிந்தது என்று அறிவித்தார்கள். முழுக் கட்டிடத்துக்கு அது நல்ல வேகம்தான். ஆனால் ‘ஒரே நாள்’ எங்கே, 43 நாள் எங்கே!

சென்ட்ரிங் இல்லாததால் அப்படி என்ன லாபம்?

கான்கிரீட் வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பலகை, தகடு, முட்டு, ஆணி, அதைக் கட்டுவதற்கு ஆள், பிரிப்பதற்கு ஆள் என்று பலகையடைப்பு செலவில் பெரும் பங்கை விழுங்கிவிடும். அது கட்டிடத்தில் தங்குவதும் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பலகை நேராக இருப்பதால்தான் நம் சுவரும் பீமும் நேராக இருக்கின்றன. விசை அப்படி நேர்கோட்டில் போவதில்லை. ஒரு பீமில் பளு குறைவான இடத்திலும் அதிகமான இடத்திலும் ஒரே கனத்தில் கான்கிரீட் கொட்டுகிறோம். வளைத்துப் பலகை அடிக்கக் கூலி கட்டுப்படியாகாது என்பதே அதற்குக் காரணம். முனைக்கு வளைவும் நேரும் ஒன்றுதான். எங்கே தேவையோ அங்கே மட்டும் பொருளை வைக்கலாம், மற்ற இடத்தைப் பொள்ளலாக விடலாம். அச்சின் உண்மையான சேமிப்பு இங்கேதான் கிடக்கிறது. வெறும் நேர்சுவரை அச்சிட்டுக் கட்டுபவர் அதைக் கோட்டை விடுகிறார்.

அப்படியானால் இது சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

பொறுங்கள். முதலில் சிமென்ட். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமென்டால் வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரிக்குச் சூடாக்கும்போது எரிபொருளின் புகை ஒரு பக்கம். கல்லுக்குள் பூட்டிக்கிடந்த வாயு பிரிந்து வெளியேறுவது இன்னொரு பக்கம். பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகை. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அது நிற்காது.

இப்போது அச்சுக் கலவைக்கு வருவோம். ஜல்லியைக் குறைத்தால் இடத்தை நிரப்ப மணலும் சிமென்ட் பசையும் வேண்டும். பொடி மணலின் மேற்பரப்பு அதிகம், அதை மூட இன்னும் பசை. சாதாரணக் கட்டிடக் கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 300 முதல் 400 கிலோ சிமென்ட் வகைப் பொருள் இருக்கும். அச்சுக் கலவையில் 500 கிலோவைத் தாண்டுவது சகஜம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 20 செ.மீ. கனமான கான்கிரீட் சுவர், கன மீட்டருக்கு 350 கிலோ சிமென்ட்: ஒரு சதுர மீட்டர் சுவரில் 70 கிலோ. அதே இடத்தில் அச்சிட்ட பொள்ளல் சுவர் வைக்கிறோம். உள்ளே ஒரு 5 செ.மீ. ஓடு, வெளியே ஒரு 5 செ.மீ. ஓடு, நடுவில் இரண்டையும் பிணைக்கும் வளைவுப் பட்டை. எல்லாம் சேர்த்து 13 செ.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 550 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 71.5 கிலோ. பொருளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தும் சிமென்ட் கணக்கு பழைய இடத்திலேயே நிற்கிறது! அந்தப் பொள்ளலில் கம்பியை இறக்கி மறுபடி கான்கிரீட்டை ஊற்றிவிட்டால் கணக்கு மோசமாகிறது. பல திட்டங்களில் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆகவே ‘அச்சிட்டது’ என்ற சொல்லுக்குள் பசுமை எதுவும் தானாக ஒட்டிக்கொண்டு வருவதில்லை. கலவையில் சிமென்ட் குறைய வேண்டும், வடிவத்தில் பொருள் குறைய வேண்டும், கட்டியது ஒரு ஆயுளுக்கு மேல் உழைக்க வேண்டும். மூன்றில் குறைந்தது இரண்டு நடந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கலாம்.

கலவையில் சிமென்டைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. சிமென்டில் ஒரு பங்குக்குப் பதிலாக இரும்பு உலைக்கசடு, நிலக்கரிச் சாம்பல் சேர்ப்பது பழைய வழி. இப்போது அதிகம் பேசப்படுவது எல்சி3 என்ற சிமென்ட். ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள இபிஎஃப்எல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கேரன் ஸ்க்ரிவனர் தலைமையில், கியூபாவிலும் இந்தியாவிலும் உள்ள ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவானது. கிளிங்கர் எனப்படும் சூளைக்கட்டியைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்க்கிறார்கள். களிமண்ணுக்கு 800 டிகிரி ஒட்டிய சூடு போதும். வெளியீடு 40 சதவீதம் வரை குறையும். அச்சுக்கு இதில் ஒரு தற்செயல் வசதியும் இருக்கிறது: களிமண் கலந்தால் கலவை நின்றுபிடிக்கும்.

கம்பி எங்கே போகும்?

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையில் உடையும். அதனால் கம்பி வேண்டும். கம்பிக்கூட்டின் குறுக்கே முனையை ஓட்ட முடியாது.

நடைமுறையில் சில வழிகள் இருக்கின்றன. பொள்ளலுக்குள் கம்பியை இறக்கிக் கான்கிரீட் ஊற்றலாம். அடுக்குகளுக்கு இடையே படுக்கைவாட்டில் கம்பி வைக்கலாம். துண்டுகளாக அச்சிட்டு, துளை வழியாக எஃகு வடத்தைக் கோத்து இறுக்கலாம். நெதர்லாந்தின் கெமர்ட் ஊரில் 2017இல் திறந்த சைக்கிள் பாலம் இந்தக் கடைசி வகை. 8 மீட்டர் நீளம், ஏறக்குறைய 800 அடுக்கு. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் துண்டுகளாக அச்சிட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கம்பியே தேவைப்படாத வடிவத்தைத் தேடுவது இன்னொரு பாதை. கல்லில் வளைவு கட்டியவர்கள் செய்ததும் அதுதான். எல்லா இடத்திலும் அமுக்கம் மட்டும் வருமாறு வளைத்துவிட்டால் கம்பிக்கு வேலை இல்லை. கம்பி இல்லாவிட்டால் துருவும் இல்லை.

கூரையையும் அச்சிடுவார்களா?

அநேகமாக இல்லை. கீழே தாங்க எதுவும் இல்லாமல் ஈரக் கலவை அந்தரத்தில் நிற்காது. தரையில் அச்சிட்டுத் தூக்கி வைக்கலாம், இல்லையென்றால் மரம், எஃகு, வழக்கமான ஸ்லாப்.

அடுக்குக்கு அடுக்கு விரிசல் விடாதா?

விடலாம். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி நீண்டுவிட்டால் கீழ் அடுக்கின் மேற்பரப்பு காய்ந்துவிடும், மேலே வருவது சரியாக ஒட்டாது. பம்ப் அரை மணி நேரம் நின்றால் சுவரில் அந்த இடம் கோடாகத் தெரியும். வெயிலும் காற்றும் இருந்தால் இன்னும் சீக்கிரம். சாதாரணக் கான்கிரீட்டுக்குப் பலகை ஒரு போர்வை மாதிரி ஈரத்தைக் காக்கிறது. அச்சிட்ட சுவர் பிறந்த நிமிடத்திலிருந்தே வெட்டவெளியில் நிற்கிறது. ஈரச் சாக்கு, நீர்ப்புகை, மேலே பூசும் படலம் என்று ஏதாவது ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். தொழிற்கூடத்துக்குள் அச்சிட்டு வெளியே எடுத்துச்செல்ல நான் வாதாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மறுபடி பயன்படுத்துவது என்றால் உடைத்து ஜல்லியாக்குவதா?

அது மறுசுழற்சி. இல்லாததற்கு அது பரவாயில்லை, ஆனால் இங்கே பேசுவது வேறு. உடைத்த கான்கிரீட்டிலிருந்து கிடைப்பது ஜல்லியும் பொடியும். அதைக் கொண்டு மறுபடி கட்ட வேண்டுமானால் புதுசாகச் சிமென்ட் போட்டே ஆக வேண்டும். மாசில் பெரும்பங்கு சிமென்டில் இருக்க, நாம் காப்பாற்றியது ஜல்லியை.

தூணைத் தூணாகவே எடுத்து இன்னொரு கட்டிடத்தில் தூணாகவே நிறுத்துவதுதான் மறுபயன்பாடு. அப்போதுதான் அந்தச் சிமென்டுக்காக ஏற்கெனவே விட்ட புகைக்கு இரண்டாவது முறையும் வேலை வாங்குகிறோம்.

பழைய செங்கல் சுவரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவராக இருந்தால் கொத்துக்கரண்டியால் ரெண்டு தட்டு. சாந்து உதிரும், கல் முழுசாகக் கைக்கு வரும். சிமென்ட் சாந்தாக இருந்தால் சாந்து போகாது, கல்தான் போகும். ஒட்டுவது, ஒட்டப்படுவதைவிடப் பலவீனமாக இருந்தால் பிரிக்கலாம். பலமாக இருந்தால் உடைக்கத்தான் முடியும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே பெரும்பாலான இணைப்புகளை எடை போட்டுவிடலாம்.

கழற்றக்கூடிய இணைப்பு எப்படி இருக்கும்?

காகிதத்தில் சுலபம்: தூணின் அடியில் எஃகுத் தட்டு, நான்கு போல்ட், நான்கு நட். களத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

தூணை நிறுத்தி, மட்டம் பார்த்து, நட்டை முடுக்குகிறார்கள். அப்புறம் தட்டின் அடியிலும் போல்ட் இருக்கும் குழியிலும் சுருங்காத சிமென்ட் குழம்பை ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். துருவும் பிடிக்காது, நெருப்பும் தொடாது, பார்க்கவும் வழவழப்பு. முப்பது வருடம் கழித்துக் கழற்ற வருபவருக்கு நட்டே கண்ணில் படாது. ‘கழற்றக்கூடிய கட்டிடம்’ என்று வரைபடத்தில் எழுதியது இந்த ஒரு வாளி குழம்பில் முடிந்துபோகிறது. குழியைத் திறந்து மூடும் தகட்டால் மூடலாம், அல்லது சுண்ணாம்பு போன்ற மென்மையான பொருளால் அடைக்கலாம். தட்டின் அடியில் குழம்பு தேவைதான். அது தட்டோடு ஒட்டாமல் இருக்க நடுவே ஒரு தாள் படலம் போதும். நெருப்புக் காப்பும் கழற்றி மாட்டும் பலகையாக இருக்கட்டும்.

அச்சிட்ட பாகத்துக்கு இங்கே தனிப் பிரச்சினை ஒன்று வருகிறது. அதன் பக்கங்கள் வரிவரியாக மேடுபள்ளமாக இருக்கும், சில மில்லிமீட்டர் முன்னே பின்னே போகும். சுவராக நிற்க அது தடையில்லை. இரண்டு பாகம் சாந்தில்லாமல் ஒன்றன் மேல் ஒன்று உட்கார வேண்டுமானால் தடை. மேடு பட்ட இடத்தில் பளு குவிந்து மூலை பெயர்ந்துவிடும். அதனால் சேரும் முகங்களை மட்டும் தேய்த்து மட்டமாக்குகிறார்கள், அல்லது அந்த விளிம்பை மட்டும் பலகை அடைத்து வார்க்கிறார்கள். தூக்குவதற்கான கொக்கித் துளைகளையும் பூசி மறைக்கக் கூடாது. கழற்றும் நாளில் கிரேன் எங்கே பிடிக்கும்?

அச்சும் கழற்றலும் ஒன்றாகச் சேர்ந்த கட்டிடம் நிஜத்தில் இருக்கிறதா?

இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் மலைக்கிராமம் மூலென்ஸில் 2025இல் திறந்த ‘தோர் ஆல்வா’, அதாவது வெள்ளைக் கோபுரம். உயரம் 30 மீட்டர். இடிஎச் சூரிச் பல்கலைக்கழகமும் ஓரிகன் என்ற கலை அமைப்பும் சேர்ந்து கட்டியது. நான்கு தளங்களில் 32 தூண்கள். எல்லாமே அச்சிட்டவை, எல்லாமே பளு தாங்குபவை. சூரிச்சில் ஒரு ரோபோ கலவையைப் பிதுக்கிக்கொண்டே போக, இன்னொரு ரோபோ 20 செ.மீ.க்கு ஒருமுறை எஃகு வளையத்தை வைத்தது. கம்பிச் சிக்கலுக்கு நான் பார்த்ததிலேயே நேர்த்தியான விடை அது. தூண்களின் முறுக்கும் பின்னலும் பலகை அடித்து வார்க்க முடியாத வடிவங்கள். அந்தக் கிராமத்தில் சில வருடங்கள்தான் நிற்கப்போகிறது. பிறகு பிரித்து வேறிடத்தில் நிறுத்தும்படி வடிவமைத்திருக்கிறார்கள். திறப்பு விழாவில் அதன் அழகைப் புகழ்ந்தார்கள். பிரித்து நிறுத்தும் நாளில் எத்தனை தூண் மூலை உடையாமல் வருகிறது என்று பார்க்கத்தான் நான் காத்திருக்கிறேன்.

இன்னொன்று வெனிஸில் 2021இல் வைத்த ‘ஸ்ட்ரையேட்டஸ்’ நடைபாலம். இடிஎச் சூரிச்சின் பிளாக் ஆய்வுக் குழுவும் ஸாஹா ஹடீத் கட்டிடக்கலை நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்தது. அச்சிட்ட 53 கட்டிகள். கட்டிகளுக்குள் கம்பி இல்லை, நடுவே சாந்து இல்லை. வளைவுக்குள் விசை எந்தத் திசையில் ஓடுகிறதோ அதற்குச் செங்குத்தாக அடுக்குகள் வருமாறு அச்சிட்டார்கள், அதனால் அடுக்குகள் ஒன்றை ஒன்று அமுக்கிக்கொண்டே இருக்கும், பிரிய வாய்ப்பில்லை. அடியில் வெளித்தள்ளும் விசையை மட்டும் எஃகுக் கம்பிகள் இழுத்துப் பிடித்தன.

அதன் பிற்காலக் கதையையும் சொல்லிவிட வேண்டும். 2023இல் பிரான்ஸின் லியோன் அருகே அதே பாணியில் ‘ஃபீனிக்ஸ்’ என்ற நிரந்தரப் பாலம் வந்தது. பழைய கட்டிகளை உடைத்த ஜல்லி புதுக் கலவைக்குள் போனது. கழற்றி மாட்டவென்றே பிறந்த பாலம், கடைசியில் ஜல்லியானது. தற்காலிகப் பாலத்துக்கும் நிரந்தரப் பாலத்துக்கும் தேவைகள் வேறு என்பது புரிகிறது. ஆனாலும் உறுத்துகிறது.

அச்சே இல்லாமல் கழற்றி மாட்டிய கட்டிடங்கள்?

நிறைய. இந்த விஷயத்தில் அச்சு பின்னால் வந்த விருந்தாளி. லண்டன் ஹைட் பூங்காவில் 1851 கண்காட்சிக்காக இரும்பிலும் கண்ணாடியிலும் எழுந்த ‘கிரிஸ்டல் பேலஸ்’ கண்காட்சி முடிந்ததும் பிரிக்கப்பட்டு, தெற்கு லண்டனின் சிடனம் பகுதியில் இன்னும் பெரிதாக 1854இல் மறுபடி நின்றது. ஒரே அளவுப் பாகங்கள், கழலும் இணைப்புகள். 1936இல் தீயில் போனது.

சமீபத்தில் என்றால் ஆம்ஸ்டர்டாமின் தற்காலிக நீதிமன்றம். 2016இல் கட்டினார்கள். ஐந்து வருடத்தில் காலி செய்தாக வேண்டும் என்பது முதல் நாளே தெரியும். எஃகுச் சட்டத்தின் மேல் பொள்ளல் கான்கிரீட் தளப்பலகைகள். வழக்கமாக அவற்றின் மேல் கான்கிரீட் ஊற்றி ஒன்றாக்கிவிடுவார்கள். இங்கே போல்ட்டால் பிடித்துவைத்தார்கள். பிறகு பிரித்து, அதே நாட்டின் என்ஸ்கெடே நகரில் அலுவலகமாக நிறுத்தினார்கள். தேதி தெரிந்திருந்ததால்தான் இது நடந்தது என்று நினைக்கிறேன். எல்லாக் கட்டிடத்துக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது, எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

இடிக்கப்போகும் பழைய கட்டிடத்திலிருந்து கான்கிரீட்டை வெட்டி எடுத்தால் நம்பிப் பயன்படுத்தலாமா?

சோதித்துவிட்டால் நம்பலாம். இபிஎஃப்எல் ஆய்வாளர்கள் 2021இல் ஒரு கட்டிடத்தின் சுவர்களிலிருந்து 25 கட்டிகளை ரம்பத்தால் அறுத்தெடுத்து, வளைவாக அடுக்கி, வடத்தால் இறுக்கி 10 மீட்டர் நடைபாலம் செய்து காட்டினார்கள்.

சோதனைகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. கான்கிரீட்டை லேசாக உடைத்துப் புது முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உடையது, அந்த இடம் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறும். காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊறி காரம் போன பகுதி நிறமே மாறாது. வெளி விளிம்பிலிருந்து சிவப்பு தொடங்கும் இடம்வரை அளவுகோலை வைத்தால் முதுமை எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கிறது என்று தெரியும். அது கம்பியை இன்னும் தொடவில்லை என்றால் ஆயுள் பாக்கி இருக்கிறது. தொட்டுவிட்டால் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரக் கவசம் போய்விட்டது. அதன்பின் ஈரம் படாத இடத்துக்கு மட்டும் அனுப்பலாம்.

இதோடு கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவியால் தேடுவது, உருளையாகத் துளைத்தெடுத்து நசுக்கிப் பார்ப்பது. எல்லாம் செலவுதான்.

பாகத்தைப் பற்றிய விவரத்தை யார் பாதுகாப்பது?

அதற்கு ‘பொருள் கடவுச்சீட்டு’ என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. பாகம் எந்தக் கலவை, எந்தக் கம்பி, எவ்வளவு தாங்கும், எப்படிக் கழற்றுவது என்று எழுதிய ஆவணம். நெதர்லாந்தில் கட்டிடக் கலைஞர் தாமஸ் ராவ் இதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர். 2013இல் ப்ரும்மென் ஊராட்சி அலுவலகத்தைப் பொருள்களின் வைப்பகமாகவே கருதிக் கட்டினார். அச்சுக்கு இதில் ஒரு இயல்பான வசதி. எந்திரத்துக்குக் கொடுத்த கோப்பே பிறப்புச் சான்றிதழ் மாதிரி. அன்றைக்குக் கலவை எப்படி, பம்ப் எங்கே நின்றது என்பதுவரை பதிவாகியிருக்கும். கையால் ஊற்றிய ஸ்லாபுக்கு இப்படி ஒரு ஜாதகம் கிடைக்காது. ஆனால் கோப்பு ஒப்பந்தக்காரரின் கணினியில் தங்கிவிட்டால் பயனில்லை. உரிமையாளர் கைக்கு வர வேண்டும், பாகத்தின் மேலேயே எண் பொறித்திருக்க வேண்டும்.

விதிமுறைகள் வந்துவிட்டனவா?

வந்துகொண்டிருக்கின்றன. கட்டுமான அச்சின் தரத்துக்கு ஐஎஸ்ஓ/ஏஎஸ்டிஎம் 52939 என்ற சர்வதேசத் தரநிலை 2023இல் வெளியானது. கழற்றவும் மாற்றவும் ஏற்ற வடிவமைப்புக்கு ஐஎஸ்ஓ 20887, 2020இல் வந்தது. உள்ளூர் கட்டிட விதிகள் பல இடங்களில் இன்னும் இவற்றைத் தொடவில்லை. அதனால் மாதிரி செய்து, பளு ஏற்றி உடைத்துக் காட்டி அனுமதி வாங்குவதே வழக்கம்.

குழாயும் மின்கம்பியும்?

பொள்ளலில் ஓடலாம். சுவருக்குள் புதைத்துவிடாதீர்கள். குழாய் சுவரைவிட முன்னால் கெட்டுப்போகும். அதை மாற்ற அச்சிட்ட சுவரை உடைத்தால் அதே வரிகளோடு ஒட்டுப்போட முடியாது.

சிமென்டே இல்லாமல் அச்சிட முடியாதா?

முடியும். இத்தாலியின் மஸ்ஸா லொம்பார்தாவில் 2021இல் ‘டெக்லா’ என்ற வீட்டை உள்ளூர் மண்ணை வைத்தே அச்சிட்டார்கள். கட்டிடக் கலைஞர் மரியோ குச்சினெல்லா வடிவமைக்க, வாஸ்ப் நிறுவனத்தின் எந்திரம் அச்சிட்டது. 12 மி.மீ. உயரத்தில் 350 அடுக்கு, சுமார் 200 மணி நேரம். கூடு மாதிரி வளைந்து தன்னைத்தானே மூடிக்கொள்வதால் கூரைக்கென்று தனி வேலையும் இல்லை. மண் மெதுவாகக் காயும், மழையிலிருந்து காக்க வேண்டும், மாடி ஏற்ற முடியாது. ஆனால் கழற்றும் கவலை அறவே கிடையாது. நனைத்தால் மண் மறுபடி மண்.

ஆட்களுக்கு வேலை போய்விடுமா?

பலகை அடிக்கும் வேலை குறையும். கலவையைக் கண்ணால் பார்த்தே ‘தண்ணி ஜாஸ்தி’ என்று சொல்லும் ஆளுக்கு மதிப்பு கூடும். சென்சார் சொல்வதற்குள் அவர் சொல்லிவிடுவார்.

நான் கட்டப்போகிறேன். ஒப்பந்தக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்பதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கலவையில் கன மீட்டருக்கு எத்தனை கிலோ சிமென்ட் என்று கேளுங்கள். எண்ணாகப் பதில் வர வேண்டும். பொள்ளலை எதால் நிரப்பப்போகிறார்கள்? முழுக்கக் கான்கிரீட் என்றால் ஏன் என்று கேளுங்கள். துண்டுகளாக அச்சிட்டுக் கொண்டுவர முடியுமா? ஐந்தோவனில் 2021இல் குடியேறிய அச்சிட்ட வீடு 24 துண்டுகளாகத் தொழிற்கூடத்தில் அச்சாகி லாரியில் வந்ததுதான், அதனால் இது கற்பனை இல்லை.

பிறகு ஒரு இணைப்பை, ஒன்றே ஒன்றை, முழு அளவில் செய்து காட்டச் சொல்லுங்கள். மாட்டட்டும். ஒரு வாரம் கழித்து உங்கள் கண் முன்னால் கழற்றட்டும். ஸ்பேனரை எடுத்தால் மேற்கொண்டு பேசலாம். சுத்தியலை எடுத்தால் வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.